ஆறு ஐபீஸுக்கும் பொட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

நம் அறிவியல் மையத்திலிருந்து என்னிடம் கேட்டது, "லென்ஸ்களைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்பதுதான். ஒரு பக்கத்தில் எழுதலாம். எழுதினால் அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டுவீர்கள். ஒரு மாதத்தில் அதன் மேல் தூசி படியும். உங்களில் யாராவது அதைக் கைக்குட்டையால் துடைப்பார். ஆகவே வேண்டாம். முறையெல்லாம் லென்ஸ் டப்பாவோடு வரும் சீட்டிலேயே இருக்கிறது. நான் அதைப் படித்ததே நாலாவது வருஷத்தில்தான் என்பது வேறு விஷயம்.

நான் ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு பெற்றவன். யாருடைய விருப்பம் என்று என் மனைவி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொலைநோக்கிகளையும் மைக்ராஸ்கோப்புகளையும் வேனில் ஏற்றி, இறக்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்க் காட்டி, திரும்பி வந்து துடைத்து வைத்தேன். துடைத்ததில் பாதி தேவையில்லாத துடைப்பு. கால்வாசி கெடுதல். மிச்சம் இருக்கிற கால்வாசிக்குத்தான் என்னை அனுபவசாலி என்கிறார்கள்.

தொலைநோக்கியில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் கட்டைவிரல் பருமன் உருளை இருக்கிறதே, ஐபீஸ், அதுதான் நம் தொழிலில் அதிகம் அடிபடும் ஜீவன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் குழாயில் மாற்றி மாற்றிப் போடுவோம். குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஊர் முழுக்கக் கண் வைப்பது அதன் மேல்தான். கண் மை, முகப் பவுடர், வியர்வை, நெற்றித் திருநீறு எல்லாம் அதில் வந்து சேரும். ஒரு தலைமையாசிரியர் சனி வளையத்தைப் பார்க்கும் ஆர்வத்தில் அதன் மேல் தும்மியே விட்டார். எச்சில் உலர்ந்த லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, சனிக்கு நாலு வளையம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் வெளியூர்க்காரர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அழுக்கான லென்ஸைக் கொண்டுபோய்க் காட்டினால், கையில் வாங்கமாட்டார். "வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்" என்பார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதி லென்ஸைத் துடைக்க வேண்டியதே இருக்காது. ரப்பர் பல்பால் இரண்டு முறை காற்றை ஊதினால் போதும். அவருக்கு டீயின் மேல்தான் பிரியம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று ஒரு விஜயதசமியன்று விளங்கியது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு அஞ்சலையம்மாவைத் தெரியும். அப்போது அவர் மையத்தில் பெருக்குகிற வேலைக்கு, தினக்கூலியாகத் திருமயத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தார். பெருக்கி முடித்ததும் போய்விடமாட்டார். நான் லென்ஸ் வேலை செய்யும் மேஜைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆறு மாதத்தில் எந்த ஐபீஸ் பெட்டிக்குள் எந்தக் குழியில் உட்கார வேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஊதுகிற பல்பை நான் எங்கே வைத்தேன் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் பெருக்கும் வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் விடப்போகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. அஞ்சலையம்மாவுக்கு இரண்டே வழி. கருவிகளைப் பராமரிக்கும் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து திருமயம் பஸ்ஸில் அவர் ஏற வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் சிங்கப்பூர் போய் ஒன்றரை வருஷத்தில் முதுகுவலியோடு திரும்பியிருந்தார்.

நான் இயக்குநர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு வந்தவர். குரலை உயர்த்தமாட்டார், உயர்த்தாததுதான் பயமாக இருக்கும்.

"கவனமானவங்கதான், ஒத்துக்கறேன். ஆனா லென்ஸை நம்பிக் கையில குடுக்கலாமா? விஜயதசமி நிகழ்ச்சி முடியட்டும். அன்னிக்கு அவங்களையே ஐபீஸ் மாத்தச் சொல்லுங்க, பாப்போம். நீங்களும் உங்க சிபாரிசை எழுதி வைங்க."

எழுத ஆரம்பித்தேன். எனக்குப் படிப்பு கொஞ்சம் அதிகம், அதனால் சிபாரிசு ஒன்றரைப் பக்கத்துக்குப் போயும் அஞ்சலையம்மாவின் பெயர் வந்து சேரவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. கருவிகளையெல்லாம் கூடத்தில் ஒரு விரிப்பின் மேல் பரப்பினோம். தொலைநோக்கிக் குழாய், ஐபீஸ்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், தராசு, துடைப்பம், பஞ்சர் பார்க்கும் ஜாக்கி. வேன் டிரைவர் ராசேந்திரன் வண்டிக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். நான் பொரியில் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலக்கும் பொறுப்பை விரும்பி ஏற்றேன். அங்கே போகும் வழியில் அஞ்சலையம்மாவிடம் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருங்கம்மா. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது."

மேலதிகாரி என்ற முறையில் நான் கொடுத்ததிலேயே மிகத் தெளிவான உத்தரவு அது. பிறகு பூஜை, சூடம், பொரி. பூஜை முடிந்தபின் மறுநாள் காலை வரை கருவியைத் தொடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்து சூடம் காட்டி, விரிப்பை எடுக்கக் குனிந்தேன். ஆறு ஐபீஸும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும், மூடி கழற்றப்பட்ட கண்ணாடியின் நட்ட நடுவில், நாலணா அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்து, ஓரத்தில் வெடித்து, கொள்ளிடத்து வண்டல் மாதிரி இருந்தது. அழகாகத்தான் வைத்திருந்தார். ஆறும் ஒரே அளவு.

"அஞ்சலைம்மா, இங்கிட்டு வாங்க. இது யாரு வச்சது?"

"நாந்தான் சார். நீங்கதான வைக்கச் சொன்னீங்க."

"கண்ணாடி மேலயா வைக்கச் சொன்னேன்?"

"அதுக்கு மூஞ்சி அதுதான சார். மூஞ்சியில வைக்காம முதுகுலயா வைப்பாங்க?"

"மூடி போட்டிருந்துச்சே."

"மூடி பிளாஸ்டிக்கு சார். பிளாஸ்டிக்குக்குப் போயி பொட்டு வைக்கவா?"

ஒவ்வொரு பதிலும் என் கேள்வியைவிடச் சரியாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. அன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளையும் பெற்றவர்களையும் மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். தசமி நிலா பொழுது சாயும் முன்பே கிழக்கே மேலேறி நிற்கும். அதைக் காட்டுவதாக ஏற்பாடு. மேடம் நாலு மணிக்கு வருவார். அஞ்சலையம்மாவின் வேலைக்கு அன்றுதான் பரீட்சை. அந்தப் பரீட்சைத் தாளின் மேல் அவரே சந்தனத்தைக் கொட்டி வைத்திருந்தார்.

இனி நான் செய்ததைக் கவனியுங்கள். டீ குடிக்கப் போகவில்லை. ரப்பர் பல்பைத் தேடவில்லை. கைக்கு அருகில் இருந்த ஐபீஸை எடுத்தேன். நிலாவுக்கென்றே நாங்கள் அதிகம் பயன்படுத்துவது அது. பண்டிகைக்கென்று உடுத்திய புது வேட்டியின் முனையை விரலில் சுற்றினேன். கஞ்சி போட்ட புது வேட்டி. அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தேன்.

கரகர என்று ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராசேந்திரனுக்கும் கேட்டது.

"என்ன சார், பித்தளை வெளக்குறீங்களா?"

வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் பூச்சில் பிறை வடிவத்தில் மூன்று கீறல். நிலாவைப் பார்க்கும் லென்ஸில் ஒரு நிலாவை நானே வரைந்துவிட்டேன். சந்தனம் மணக்கும், ஆனால் கல்லில் இழைத்தாலும் கடையில் வாங்கினாலும் அது மரத்தூள்தான், கூடவே கண்ணுக்குத் தெரியாத கல் துகளும் இருக்கும். அதை வைத்துக் கண்ணாடியைத் தேய்ப்பதற்கும் உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் வித்தியாசம் வாசனை மட்டும்தான்.

ஐபீஸைக் கீழே வைத்தேன். அடுத்ததை எடுக்கப் போன கையை அஞ்சலையம்மா தடுக்கவில்லை. அந்த ஐபீஸைத்தான் எட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. சந்தனக் காப்பு கலைக்கிறதப் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"எங்க தெரு மாரியம்மன் கோயில்ல பூசாரி அத தேய்க்கவே மாட்டாரு. ஈரத்துணியப் போத்தி விட்டுட்டு வெளிய போயி ஒக்காந்திருவாரு. செத்த நேரம் ஊறுனா அதுவா நழுவி வந்துரும். தேய்ச்சா ஆத்தா மூக்கு தேஞ்சு போகும்பாரு."

இருபது வருஷ அனுபவசாலி அப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது மூளை மெதுவாகத் திரும்பி வந்தது. பூசாரி சொன்னது சரி. ஆனால் மாரியம்மன் ஒரே கல், ஐபீஸ் அப்படியல்ல. உள்ளே நாலைந்து லென்ஸ் அடுக்கியிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் ஓரத்து வளையம் வழியாக உள்ளே இறங்கும். இறங்கினால் வெளியே வராது, பூஞ்சைதான் வரும். ஆகவே ஈரம் பஞ்சில் மட்டும் இருக்க வேண்டும், பிழிந்த ஈரம். ஐபீஸை நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும்.

திரும்பி வந்து இதைச் சொன்னேன். ராசேந்திரன் வேனிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தார்.

"டிஸ்டில்ட் வாட்டர்தான சார்? பேட்டரிக்கு வாங்குனது. இந்தாங்க."

"சீல் ஒடைச்சதா?"

"ஒடைக்கல சார்."

"வேன்ல அதுக்குப் பக்கத்துல இன்னொரு பாட்டில் இருக்குமே, அது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது வேண்டாம் சார். அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்கே சரியாத் தெரியல."

அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி லென்ஸ் பிழைக்கும்.

ஃபேனை நிறுத்தினோம். பொரித் தட்டை வெளியே அனுப்பினோம். உதிரக்கூடியது உதிரட்டும் என்று முதலில் காற்றை மட்டும் ஊதினேன். பிறகு ஐந்து ஐபீஸையும் துண்டின் மேல் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் முகத்திலும் ஈரப் பஞ்சு ஒன்றை ஒட்டி வைத்தோம். கண்வலிக்காரர்கள் ஐந்து பேர் வரிசையாகப் படுத்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அஞ்சலையம்மா பழைய பஞ்சை நேராகத் தூக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். இழுக்கவில்லை, நகர்த்தவில்லை, தூக்கினார். எடுத்த பஞ்சு மறுபடி உள்ளே வரவில்லை.

ஒரு மணி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சில் லேசாக மஞ்சள் ஏறியது, அவ்வளவுதான். எனக்கு விரல் அரித்தது. ஒரு லென்ஸைத் துடைக்காமல் அதன் எதிரே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சித்தன்னவாசல் ஓவியத்துக்கு முன்னால் நின்று, "ஒரு ஈரத்துணி இருந்தா பளிச்னு ஆக்கிரலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவன் நான். அன்று அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். என் கையும் அவர் கைதான்.

"நகத்தால ஓரத்த மட்டும் நெம்பிப் பாக்கலாமா சார்?" என்றார் ராசேந்திரன்.

"ஒங்க வேன் கண்ணாடிய நெம்புங்க, போங்க" என்றார் அஞ்சலையம்மா.

இரண்டு மணிக்கு முதல் சந்தனம், பஞ்சோடு அப்படியே ஒரு வில்லையாகக் கழன்று வந்தது. கீழே கண்ணாடி கறுப்பாக, குளிர்ச்சியாக, ஒரு குற்றமும் இல்லாமல் இருந்தது. குங்குமம் மட்டும் லேசாகச் சிவப்பு விட்டிருந்தது. பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு, எடையே கொடுக்காமல் உருட்டி எடுத்தேன். இந்த முறை என் கை ஒழுங்காக இருந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. மூன்றரைக்கு நாலு முடிந்தது. ஐந்தாவதில் சந்தனம் கொஞ்சம் தாராளமாக விழுந்திருந்தது. அது மட்டும் பிடிவாதம் பிடித்தது.

மேடம் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். மேஜையைப் பார்த்தார், பஞ்சுக் குவியலைப் பார்த்தார்.

"இது என்ன, ஆஸ்பத்திரியா?"

இந்த இடத்தில் சொல்வதற்கு மூன்று பொய் தயாராக இருந்தது. பனி ஈரம், பூஞ்சை, வருஷாந்திரப் பராமரிப்பு. எல்லாமே இயற்பியல்படி சரியாக இருக்கும். நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலையம்மா முந்திக்கொண்டார்.

"கண்ணாடி மேல சந்தனப் பொட்டு வச்சுட்டேன் மேடம். நாந்தான் வச்சேன்."

அவர் குரல் சமமாகத்தான் இருந்தது. புடவைத் தலைப்பை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பாக்காம வைக்கச் சொன்னது நான்" என்றேன்.

"எத்தனை கெட்டுப்போச்சு?"

"ஒண்ணு."

"அது அவங்க வச்சதாலயா?"

"இல்ல மேடம். நான் வேட்டியால துடைச்சதால."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து நாலு ஐபீஸையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். கடைசியாக என்னுடையதைப் பார்த்தார். அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்று, பட்டுப் பாவாடையில் ஒரு குழந்தை இறங்கும் சத்தம் கேட்டது.

"இதுதான் பாக்கியா? அதுவும் வேணும், கூட்டம் நிறைய வரும். நேரமாச்சு, துடைச்சுரலாம்" என்று மேடம் ஐந்தாவதை நோக்கிக் கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க மேடம்."

ராசேந்திரன் வேனைத் துடைக்கக் கிளம்பினார். ஏற்கெனவே துடைத்த வேன்.

"இன்னும் ஊறணும்" என்றார் அஞ்சலையம்மா. "வரலன்னா இன்னிக்கு அது இல்லாம பாத்துக்குவோம். நாலு இருக்கில்ல. அவசரத்துல எடுத்தா அது என்னைக்குமே இல்லாமப் போயிரும்."

தன் வேலையை முடிவு செய்யப்போகும் ஆளிடம், முடிவு செய்யும் நாளன்று, முடிவு செய்கிற கையையே பார்த்து அவர் அதைச் சொன்னார். இருபது வருஷத்தில் நான் ஒரு தாசில்தாரிடம்கூட, "தும்மாதீங்க சார்" என்று சொன்னதில்லை.

மேடத்தின் கை பஞ்சுக்கு ஒரு சாண் மேலே நின்றது. பிறகு மடிக்குப் போனது.

"சரி" என்றார். "நாலை மைதானத்துக்குக் கொண்டுபோங்க."

ஐந்து மணிக்கு மேகம் இருந்தது, ஐந்தே காலுக்கு விலகியது. அஞ்சலையம்மாதான் ஐபீஸ் மாற்றினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து. பெற்றோர்களில் ஒருவர் கண்ணை வைக்கும் முன் தோளில் கிடந்த துண்டால் லென்ஸைத் துடைக்கப் போனார்; துண்டு பாதி வழியிலேயே நிறுத்தப்பட்டது. ஐந்தரைக்கு ஐந்தாவதும் கழன்று வந்துவிட்டது என்று ராசேந்திரன் ஓடிவந்து சொன்னார். வரிசை நீண்டுகொண்டே போனதால் நான் கீறிய ஆறாவதையும் சின்னத் தொலைநோக்கியில் போட்டேன். அதுவும் நிலாவைக் காட்டியது. குழிகளெல்லாம் தெரிந்தன, ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு பிசிறு. ஒரு பிள்ளைக்கும் அது தெரியவில்லை. லென்ஸ்கள் மிகப் பெருந்தன்மையானவை. இதை முன்பே நம்பியிருந்தால் பாதி லென்ஸை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

மறுநாள் காலை இழுப்பறையிலிருந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத்தாளில் இரண்டு வரி எழுதினேன். "இவர் தவறு செய்தால் சொல்லிவிடுவார். லென்ஸுக்கு ஆபத்து என்றால் இயக்குநரையும் தொட விடமாட்டார்." எழுதி முடித்தபின் இரண்டாவது வரியை அடிக்கலாமா என்று பயந்தேன். அடிக்கவில்லை.

மதியம் தாள் திரும்பி வந்தது. கீழே மேடத்தின் கையெழுத்து, நியமனம் சம்மதம் என்று. அதற்கும் கீழே, பச்சை மையில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘ஐபீஸ் அலமாரிச் சாவி இன்று முதல் அஞ்சலையிடம் இருக்கட்டும்.’

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். பிறகு சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சம்பளம் ஏத்துனாங்களோ என்னமோ சார், ஒங்க சாவிய வாங்கிப்புட்டாங்களே" என்றார். வருத்தப்படுகிறவர் மாதிரி தெரியவில்லை.

எனக்கும் பெரிய வருத்தம் இல்லை. நான் ஓய்வு பெறும் வரை நம் ஐபீஸ்கள் அதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருந்தன. அதில் என் பங்கு, அவற்றை நான் தொடாததுதான்.

நாளை உங்கள் மூவரையும் லென்ஸ் அறைக்கு அனுப்புவார்கள். அலமாரி பூட்டியிருக்கும். அவரிடம்தான் கேட்க வேண்டும். "எதுக்கு?" என்பார். நல்ல பதிலாக யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "தூசி இருக்கு, துடைக்கணும்" என்று சொன்னால் சாவி கிடைக்காது. ஏழு வருஷம் சொல்லிப் பார்த்தவன் சொல்கிறேன்.